மன்னார் எரிவாயு யாருக்கு இலாபம்? கணக்கை வெளியிடுங்கள்

இலங்கை பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபையின் தலைவருக்கும் பணிப்பாளர் சபைக்கும்,

வணக்கம்.

மன்னார்ப் படுகையில் எரிவாயு இருக்கிறதா என்று கேட்டு இதை எழுதவில்லை. இருக்கிறது. 2011 இல் கெய்ர்ன் நிறுவனம் தோண்டிய டொராடோ, பராகுடா ஆகிய இரண்டு கிணறுகளிலும் அது தெரிந்துவிட்டது. அதை எடுத்து விற்றால் செலவு போக என்ன மிஞ்சும், மிஞ்சுவது யாருக்குப் போகும் என்பதுதான் என் கேள்வி. சாதாரண ஒருவர் வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு கணக்கு இன்றுவரை மன்னார் மக்களின் கைக்கு வந்து சேரவில்லை.

எங்கள் ஊருக்கு இந்த எதிர்பார்ப்பு புதிதல்ல. 1970களில் சோவியத் உதவியோடு பேசாலையில் தோண்டினார்கள். 1981 இல் மன்னார் வளைகுடாவில் பேர்ல்-1 கிணறு. எதிலும் எடுக்கத்தக்க எதுவும் கிடைக்கவில்லை. 2008 இல் கெய்ர்னுடன் ஒப்பந்தம் செய்த பிறகுதான் கதை மாறியது. ஏறத்தாழ 1,350 மீற்றர் ஆழக் கடலில், 3,000 மீற்றருக்கும் கீழே, சுமார் 25 மீற்றர் தடிப்பில் வாயுப் படை இருப்பதை டொராடோ காட்டியது. பராகுடா அதைவிட ஆழம், 4,000 மீற்றருக்கும் கீழே. ஆனால் 2011 இலேயே தோண்டிய மூன்றாவது கிணறும் 2013 இல் தோண்டிய நான்காவது கிணறும் வெறும் கிணறுகளாகவே முடிந்தன. எண்ணெய் விலை சரிந்து கிடந்த 2015 இல் கெய்ர்ன் விலகிப் போனது.

நாலில் இரண்டு என்பது புதிய படுகை ஒன்றுக்கு மோசமான பலன் அல்ல. உலகெங்கும் இப்படியான இடங்களில் பத்துக் கிணறு தோண்டினால் ஒன்றிரண்டு தேறினாலே பெரிது என்பார்கள். அப்படியிருந்தும், வாயுவைக் கண்ணால் கண்ட நிறுவனமே விட்டுப் போனதை நாம் பாரமாக எடுக்க வேண்டும்.

இதற்கிடையில்தான் அந்தப் பெரிய எண் வந்தது. மன்னார்ப் படுகையில் 267 பில்லியன் டொலர் பெறுமதியான எண்ணெயும் வாயுவும் இருக்கிறது, நாட்டின் கடன் முழுவதையும் அடைத்தாலும் மீதி இருக்கும் என்று அன்றைய எரிசக்தி அமைச்சர் சொன்னார். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற சனத்துக்கு அந்த எண் எவ்வளவு நம்பிக்கை கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அது இன்னும் தோண்டிப் பார்க்காத இடங்களில் இருக்கலாம் என்று ஊகித்த அளவைச் சந்தை விலையால் பெருக்கி வந்த தொகை. எல்லாமே இருக்கும், எல்லாவற்றையும் எடுக்கலாம், எடுக்கச் செலவே இல்லை, இன்றே கையில் காசு வரும் என்று நான்கையும் ஒன்றாக நம்பினால்தான் அந்தக் கணக்கு சரிவரும். உங்கள் அதிகாரசபையில் புவியியலாளர்களும் பொறியியலாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரியாததல்ல. தெரிந்தவர்கள் அன்றே பேசியிருக்க வேண்டும்.

வங்காள விரிகுடாவின் அந்தப் பக்கத்தில், ஆந்திரக் கரையோரம், இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் 20 ட்ரில்லியன் கன அடி வாயு கண்டுபிடிக்கப்பட்டதாக 2005 ஜூனில் அப்போதைய குஜராத் முதலமைச்சர் நரேந்திர மோடி அறிவித்தார். தோண்டியது மாநில அரசின் சொந்த நிறுவனமான ஜிஎஸ்பிசி. படையின் அழுத்தமும் வெப்பமும் மிக அதிகம், பாறையோ வாயுவை எளிதில் விடாத இறுக்கமான பாறை. மதிப்பீடு அறிவித்ததில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. 2015 மார்ச்சில் நிறுவனத்தின் கடன் 19,700 கோடி இந்திய ரூபாயைத் தாண்டியிருந்ததைக் கணக்காய்வு அறிக்கை எடுத்துக்காட்டியது. 2017 இல் அந்த வயலில் அதற்கிருந்த 80 வீதப் பங்கை மத்திய அரசின் ஓஎன்ஜிசி சுமார் 1.2 பில்லியன் டொலருக்கு வாங்கிக்கொண்டது. அரசின் ஒரு பையில் விழுந்த ஓட்டையை இன்னொரு பையால் மூடினார்கள். அதே படுகையில் ரிலையன்ஸின் டி6 வயலில் வாயு உண்மையாகவே வந்தது. 2010 இல் நாளுக்கு ஆறு கோடி கன மீற்றர் அளவுக்கு ஏறிய உற்பத்தி, நான்கு ஆண்டுகளுக்குள் அதில் கால்வாசிக்கும் கீழே போனது. தண்ணீரும் மணலும் கிணறுகளுக்குள் ஏறிவிட்டன.

சரி, மன்னாருக்கு வருவோம். நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதிலுள்ள எடுகோள்கள் எல்லாம் என்னுடையவை, நீங்கள் தாராளமாகத் திருத்தலாம். ஒரு வயலில் 300 பில்லியன் கன அடி வாயுவை எடுக்க முடியும் என்று வைப்போம். 300 மெகாவாட் மின்நிலையம் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 15 பில்லியன் கன அடி எரிக்கும். அப்படியானால் 20 ஆண்டுக்குப் போதும். பத்து இலட்சம் பிரித்தானிய வெப்ப அலகுக்கு, அதாவது ஏறத்தாழ ஆயிரம் கன அடிக்கு, பத்து டொலர் என்று விற்றால் ஆண்டு வருமானம் 150 மில்லியன் டொலர், இருபது ஆண்டில் மூன்று பில்லியன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வாயு கரைக்கு வர ஐந்து ஆண்டாவது பிடிக்கும். பத்து வீத வட்டியில் கழித்துப் பார்த்தால் அந்த மூன்று பில்லியனின் இன்றைய பெறுமதி 800 மில்லியன் டொலர்தான். ஆழ்கடலில் கிணறுகள், கடலடிக் குழாய், கரையில் சுத்திகரிப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் ஒரு பில்லியன் போடவேண்டி வந்தால் முதலே திரும்பி வராது. நடத்தும் செலவையும் வரியையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. விலை பதினைந்து டொலர் என்றால் கணக்கு 1.2 பில்லியனுக்கு ஏறி மயிரிழையில் தப்பும். பராகுடாவையும் சேர்த்து ஒரே குழாயில் இரண்டு மடங்கு வாயு கொண்டுவர முடிந்தால் நிலைமை வேறு. இந்த வயல் இலாபம் தருமா என்பது அளவு, விலை, காலம் என்ற மூன்றிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மூன்று எண்களையும்தான் உங்களிடம் கேட்கிறேன்.

விலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் எனக்கு உண்மையான பயம் அங்கேதான். இலங்கையில் எரிவாயுவைக் கொண்டுபோகும் குழாய் வலையமைப்பு இல்லை, பெரிய அளவில் வாங்கும் தொழிற்சாலைகளும் இல்லை. எஞ்சுவது மின்நிலையங்கள் மட்டுமே. கெரவலப்பிட்டியின் 300 மெகாவாட் யுகதனவி நிலையம் 2010 இல் எரிவாயுவை நம்பிக் கட்டப்பட்டு, இன்னும் எண்ணெயில் ஓடுகிறது. அருகிலுள்ள 350 மெகாவாட் சொபாதனவியும் எரிவாயுவுக்கென்றே கட்டப்பட்டது. ஆழ்கடலில் காசு போடுகிற எந்த நிறுவனமும் முதலில் கேட்பது, இருபது ஆண்டுக்கு டொலரில் நிலையான விலை, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்டணம் என்ற உத்தரவாதம். அதை அரசு கொடுத்துவிட்டால் இலாபம் வராத வயலும் நிறுவனத்துக்கு இலாபமாகிவிடும். இழப்பு எங்கள் மின்பட்டியலில் வந்து விழும். 2030 இல் 70 வீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து வரவேண்டும் என்பதும் அரசின் கொள்கைதானே? மழை நன்றாகப் பெய்து நீர்மின் நிறையக் கிடைக்கும் மாதங்களில், வெயிலில் கூரைச் சூரியப் படல்கள் முழு வீச்சில் ஓடும் பகலில், அந்த வாயுவை யார் எரிப்பது? எரிக்காத வாயுவுக்கும் நாங்கள் பணம் கட்டுவோமா?

நம்பிக்கையே வைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தென் அமெரிக்க நாடான கயானாவில் பல பத்தாண்டுகள் தோண்டிய கிணறுகள் பெரும்பாலும் வெறுமையாகப் போயின. ஸ்டாப்ரோக் என்ற கடற்பரப்புத் தொகுதியில் பாதிப் பங்கு வைத்திருந்த ஷெல் 2014 இல் விட்டுப் போனது. அடுத்த ஆண்டே அங்கே எக்ஸான்மொபில் லைசா வயலைக் கண்டது, 2019 இறுதியில் எண்ணெய் வந்தது. மன்னாரிலும் ஒருநாள் அப்படி நடக்கலாம். ஆனால் கயானாவின் மீதிப் பாடத்தையும் படியுங்கள். 2016 இல் செய்த அந்த ஒப்பந்தம் 2017 டிசம்பர் வரை வெளியே வரவில்லை. அரசுக்கு உரிமைப்பங்கு (றோயல்டி) 2 வீதம்தான். செலவைக் கழிக்க வருமானத்தின் 75 வீதம் வரை நிறுவனங்கள் எடுக்கலாம், மிஞ்சியதில்தான் அரசுக்குப் பாதி. பெருந்தொகை எண்ணெய் கிடைத்த நாட்டிலேயே அந்த விதிகளைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. இங்கே கிடைக்கப்போவதோ ஓரளவு வாயு.

கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டொராடோ எங்கள் சிறு படகுகள் போகும் இடமல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் நில அதிர்வு ஆய்வுக் கப்பல் வந்தால் வலை போட முடியாது, குழாய் ஏதோ ஒரு கரையில் ஏறித்தான் ஆகவேண்டும். எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் 2021 இல் கொழும்புக்கு அருகே எரிந்து கடலை நாசமாக்கியது. ஒரு பில்லியன் டொலர் நட்டஈடு கட்டும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட 2025 ஜூலை ஆனது. ஆகவே விபத்துக்கான பிணைத்தொகையும், கடைசியில் கிணறுகளை அடைத்து மூடும் செலவும், முதல் நாளே தனி நிதியத்தில் வைக்கப்படவேண்டும். வாயு தீர்ந்து நிறுவனம் போன பிறகு அதைத் தேடி அலைய எங்கள் கடற்றொழிலாளர் சங்கங்களால் முடியாது.

2021 இன் 21 ஆம் இலக்க பெற்றோலிய வளங்கள் சட்டம் உங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அடுத்த ஏலத்தை அறிவிக்கும் முன், டொராடோவிலும் பராகுடாவிலும் எடுக்கத்தக்க அளவு என்ன, என்ன விலைக்குக் கீழே போனால் நட்டம், அரசு எந்த விலையையாவது உத்தரவாதம் செய்யப் போகிறதா என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். சுயாதீனமான ஒரு நிறுவனம் அளவைச் சரிபார்த்த அறிக்கை இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். கையெழுத்திடும் ஒப்பந்தம் கையெழுத்திட்ட அன்றே இணையத்தில் வரட்டும். அப்புறம், கொழும்பில் முதலீட்டாளர்களுக்கு நடத்துவது போன்ற ஒரு விளக்கக் கூட்டத்தைப் பேசாலையிலோ சிலாவத்துறையிலோ நடத்துங்கள். உங்கள் கணக்கோடு வாருங்கள். நாங்கள் உட்கார்ந்து கேட்போம், கேள்வியும் கேட்போம்.

இப்படிக்கு,
மன்னாரிலிருந்து ஒரு குடிமகன்