ஒரே பாட்டில் இரண்டு வேகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மெட்டல் இசை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பிளாக் மெட்டலும் டூம் மெட்டலும் கலந்த பிளாக்கண்ட் டூம் மெட்டலை ‘வேகமும் கூச்சலும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. கூச்சல் உண்டு, மறுக்கவில்லை. வேகம் என்பதுதான் பிழை. இந்த இசையின் தாளம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 50, 60 தட்டுகளில்தான் நடக்கும். 50 என்றால் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 1.2 விநாடி, நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 5 விநாடி. விளம்ப காலத்தில் பாடிப் பழகியவர்களுக்கு அந்த இடைவெளியை நிரப்பாமல் தாங்கி நிற்பது எத்தனை கடினம் என்று தெரியும்.

மெதுவும் கனமுமான டூம் பிறந்தது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில். 1970 பிப்ரவரியில் வெளிவந்த பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பம் தொடங்கும் விதமே அதற்குச் சாட்சி: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிறகு பிரதி மத்யமம். இந்த மூன்றே சுரம், அதுவும் நிதானமாக. அக்குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, ஆலை விபத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கக்காரர் என்பதால் சுரம் பிடிக்கும் கையே அதுதான். விரலுக்கு வலிக்காமல் இருக்கக் கம்பிகளைத் தளர்த்தினார்; 1971-இல் வந்த மூன்றாம் ஆல்பத்தில் பல பாடல்களில் சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கிவிட்டது. டூம் மெட்டலின் கனம் அங்கிருந்து வந்தது.

பிளாக் மெட்டல் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. 1990-களின் தொடக்கத்து நார்வே குழுக்கள் தாழ்ந்த ஒலிகளை வேண்டுமென்றே மெலியவிட்டு, கிதாரைக் கம்பி உரசும் சத்தம்போல் கூர்மையாக்கின. அவற்றில் ஒன்றான டார்க்த்ரோன் 1994-இல் வெளியிட்ட ஆல்பம், நான்கு தடப் பதிவுக் கருவியில் வீட்டிலேயே பதிவானது. பனிக்காற்று ஜன்னல் இடுக்கில் நுழைவதுபோல் அது ஒலிப்பது தற்செயல் அல்ல, தேர்ந்தெடுத்த ஒலி.

டூம் தாழ்ந்த ஒலியில் வாழ்வது, பிளாக் மெட்டல் அந்தத் தாழ்ந்த ஒலியை அறுத்தெறிவது. இரண்டையும் ஒரே பாட்டில் எப்படி உட்காரவைப்பது? இந்த வகையின் கவர்ச்சி முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் சமேல் குழு 1991-லேயே பிளாக் மெட்டலின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தது. ஜெர்மனியின் பெத்லஹெம் குழு 1994-இல் அதைத் துயரத்தின் பக்கம் திருப்பியது. டென்மார்க்கின் நார்ட், ஒரே ஆளாக, இறுதி ஊர்வலத்தின் நடைக்கே கொண்டுபோனார்.

வழி இதுதான். டிரம்ஸில் விநாடிக்கு ஒரு தட்டு விழும். அதே நேரத்தில் மேல் கம்பிகளில் ஒரு கிதார், விநாடிக்கு எட்டு முறை பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகட்டை) மேலும் கீழும் ஓட்டி ஒரே சுரத்தை நடுங்கவைக்கும். கால் தரையில் ஊன்றியிருக்க, கை நடுங்குவதுபோன்ற உணர்வு அதனால்தான் வருகிறது. கீழே இன்னொரு கிதாரும் பேஸ் கிதாரும் ஷட்ஜ பஞ்சமத்தை மட்டும் பிடித்திருக்கும். ஏன் அந்த இரண்டு சுரம் மட்டும்? டிஸ்டார்ஷன், அதாவது கிதார் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்குவது, இரு சுரங்களின் வித்தியாசத்தையும் தனி ஒலியாக்கிவிடும். 110 ஹெர்ட்ஸும் 165 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் 55 பிறக்கும். அது அதே ஷட்ஜத்தின் கீழ் ஸ்தாயி, ஆகவே ஒலி பெருக்கிறது. பஞ்சமத்துக்குப் பதில் சாதாரண காந்தாரத்தை, அதாவது 132-ஐ வைத்தால் பிறப்பது 22. அது அந்தக் கூட்டில் சேராத சுரம். அதன் மடங்குகளும் சேர்ந்து எல்லாவற்றையும் கூழாக்கும். துயரம் தரும் அந்தக் காந்தாரத்தை மேல் கிதாரிடம் விடுவது இதற்காகத்தான்.

இதை வாசித்துப் பார்க்கும் இளைஞர்கள் தடுக்கி விழும் இடங்களும் எப்போதும் ஒன்றே. பத்தாம் எண் (மிக மெல்லிய கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு) கம்பித் தொகுப்பை வைத்துக்கொண்டே சுருதியை ஐந்து அரைச்சுரம் இறக்குவார்கள். கம்பி தொளதொளத்து, அடித்த கணத்தில் சுருதி ஏறி, பிறகு சரியும். தடித்த கம்பி அதே கணக்கில் 60-ஐ ஒட்டி இருக்கவேண்டும். மாற்றியபின், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் இன்டோனேஷனையும் (கம்பியை எங்கே பிடித்தாலும் சுருதி சேர்கிறதா என்பதையும்) சரிபார்க்கவேண்டும். அடுத்தது கெயின், அதாவது ஆம்பில் (ஒலி பெருக்கியில்) கரகரப்பைக் கூட்டும் திருகு. ‘கனமாக’ வேண்டும் என்று முழுக்கத் திருகினால் கனம் வராது, சீறல்தான் வரும். அந்தச் சீறலை அடக்க நாய்ஸ் கேட்டை (மெல்லிய ஒலியை அடைத்துவிடும் கருவியை) இறுக்கினால், சேர்ந்தொலிக்கும் சுரங்கள் தானாக அடங்கும் முன்பே கேட் அவற்றின் வாலை நறுக்கிவிடும். டூமில் அந்த வால்தான் இசை. கெயினைக் குறைத்து, ஆம்பின் ஒலியளவைக் கூட்டுங்கள்.

டிரம்ஸ் வாசிப்பவர்கள் மெதுவான நடையில் முந்திக்கொள்வது இயல்பு. தாளம் காட்டும் மெட்ரோனோமை 50-இல் வைத்தால் உதவாது. 200-இல் வைத்து நான்குக்கு ஒன்று அடித்தால் இடைவெளி கைக்கு அடங்கும். குரலுக்கு ஒரு வார்த்தை: அலறும்போது தொண்டை எரிந்தால் முறை தவறு என்று பொருள். அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும்.

கேட்பவர்களுக்கும் ஒரு கோரிக்கை. சுருதி இறக்கிய கிதாரின் தடித்த கம்பி 62 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, பேஸ் அதில் பாதியில். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் 200-க்குக் கீழே ஏறக்குறைய எதுவும் வராது. அங்கே கேட்டால் மிஞ்சுவது மேல் கிதாரின் கீறலும் அலறலும் மட்டுமே. ‘வேகமும் கூச்சலும்’ என்ற முடிவு அப்படித்தான் பிறந்திருக்கவேண்டும்.

நார்வேயில் 1992 முதல் பிளாக் மெட்டல் வட்டத்தினரால் மரத் தேவாலயங்கள் எரிக்கப்பட்டதும், 1993-இல் ஒரு கலைஞர் இன்னொரு கலைஞரால் கொல்லப்பட்டதும் உண்மை. இன வெறுப்பைப் பரப்பும் குழுக்கள் இன்றும் உள்ளன; அவற்றை ஒதுக்கத்தான் வேண்டும். அந்தக் குற்றங்களை இந்த இசை மொத்தத்தின் மீதும் ஏற்றுவது நியாயமாகாது.

புதிதாகக் கேட்க விரும்புவோர் கெல்டிக் ஃப்ராஸ்ட் குழு 2006-இல் வெளியிட்ட ‘மோனோதீயிஸ்ட்’ ஆல்பத்தில் தொடங்கலாம். காதை மூடும் ஹெட்போன், மிதமான ஒலியளவு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். முதலில் பேஸை மட்டும் தொடருங்கள். மற்றவற்றைக் காது தானே தேடிப் பிடிக்கும்.

இப்படிக்கு,
கிதார் பயிற்றுநர் ஒருவர்,
மதுரை.