சனசமூக நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்: மாகாண சபைத் தேர்தல் எங்கே என்று கேளுங்கள்

வட மாகாணத்துச் சனசமூக நிலைய நிர்வாகத்தினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

2018 ஒக்டோபர் கடைசிக் கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 26ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவை நியமித்தார். இரண்டு கிழமையில் பாராளுமன்றத்தையும் கலைத்தார். கொழும்பில் மக்கள் வீதிக்கு வந்தார்கள், வழக்குகள் போடப்பட்டன. டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக, அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்றார்கள்.

எங்கள் மாகாண சபையின் ஐந்து வருடக் காலம் முடிந்ததும் அதே கிழமையில்தான். அதற்காக யாரும் வீதியில் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் நிற்கவில்லை. சில மாதத்தில் தேர்தல் வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அது வரவேயில்லை.

அந்தத் தேர்தலை ஒருவரும் ரத்துச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. பெண்களின் பிரதிநிதித்துவத்தைக் கூட்டுவதற்கென்று வந்த சட்டமூலம் அது. நல்ல நோக்கம்தான். ஆனால் சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாக ஆராயும் குழுநிலையில் வைத்து அதற்குள் முழுத் தேர்தல் முறையையும் மாற்றும் பிரிவுகளைச் செருகினார்கள். 159 வாக்குகளால் நிறைவேறியது. நாங்கள் தெரிவுசெய்து அனுப்பியவர்களின் வாக்குகளும் அதற்குள் இருந்தன. இதைச் சொல்லாமல் கொழும்பை மட்டும் குற்றம் சொன்னால் அது நேர்மையில்லை.

புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அப்புறம் மீளாய்வுக் குழு என்றார்கள், அது தன் வேலையை முடிக்கவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. இப்படித்தான் ஒரு சபை பூட்டுப் போடாமலே பூட்டப்பட்டது. பழைய முறையிலேயே தேர்தலை நடத்த ஒரு தனிநபர் சட்டமூலமும், அதாவது அரசாங்கம் அல்லாமல் ஒரு உறுப்பினர் தானாகக் கொண்டுவருவது, கொண்டுவரப்பட்டது. அதுவும் நிறைவேறவில்லை.

சபை முடிந்த நாளிலிருந்து எங்கள் மாகாணப் பாடசாலைகள், வைத்தியசாலைகள், வீதிகள் எல்லாம் ஆளுநரின் கையில். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆளுநர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல என் கேள்வி. அவருடைய முடிவு பிழையென்றால் அவரை எழுப்பிக் கேள்வி கேட்க மண்டபத்தில் ஒரு உறுப்பினரும் இல்லை. 2013இல் நாங்கள் வாக்களித்தபோது பத்து வயதாக இருந்த பிள்ளை இன்று வளர்ந்த வாக்காளர். மாகாண சபை வாக்குச்சீட்டை அந்தப் பிள்ளை கையில் தொட்டதே கிடையாது.

"சபை இருந்த ஐந்து வருடமும் என்ன கிழித்தார்கள்?" என்று சிலர் கேட்பீர்கள். சரி, எனக்கும் அந்தக் கோபம் உண்டு. தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 38 ஆசனங்களில் 30ஐக் கொடுத்து அனுப்பினோமே. ஆனால் அந்தக் கோபத்தை வாக்கால் காட்டும் சந்தர்ப்பத்தைத்தான் எங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

உள்ளூராட்சி சபைகளுக்கும் இதுவே நடக்கப் பார்த்தது. 2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய தேர்தல், பணம் இல்லையென்று நின்றது. சிலர் விடாமல் நீதிமன்றம் போனார்கள். வாக்காளரின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று 2024 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது. 2025 மே 6இல் வாக்களித்தோம்.

உங்கள் நிலையத்தில் நிர்வாகத் தெரிவு ஒரு வருடம் தவறினால் பொதுக்கூட்டத்தில் எத்தனை பேர் எழும்பி நிற்பீர்கள்! கணக்கறிக்கை எங்கே, யாப்பு எங்கே என்று கேட்டு, தலைவரை இருக்க விடமாட்டீர்கள். அதே கேள்வியை வெளியிலும் கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுங்கள். அதில் இப்படிக் கேளுங்கள்: "மாகாண சபைத் தேர்தலை எந்த முறையில், எந்தத் திகதியில் நடத்தப்போகிறீர்கள்?" அதை எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும், கட்சி பாராமல், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வந்தால் பத்திரிகை போடும் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். வராவிட்டால், யார் யார் பதில் அனுப்பவில்லை என்ற பட்டியலை அங்கே ஒட்டுங்கள்.

அன்புடன்,
யாழ் மாவட்ட வாக்காளர் ஒருவர்