1931-இல் காலியாய்க் கிடந்த நான்கு இடங்கள்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதங்களுக்குப் பதில் போடாததற்குப் போனில் திட்டு, இப்போது இதைப் படி. இங்கே எல்லோரும் சுகம். சைக்கிள் மாஸ்டர் இன்னும் உன்னைத்தான் விசாரிக்கிறார், ஏனென்று உனக்குத் தெரியும்.

ஊர் வாசிகசாலையில் இலங்கையின் ஏதாவது ஒரு வருடத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 1931 என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் வேறு கதையே இல்லை.

அந்த வருடம்தான் டொனமூர் திட்டம் என்ற புதிய அரசியல் யாப்பின்படி, அரசாங்க சபை என்ற சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல். வெள்ளைக்காரன் ஆளும் நாட்டில் 21 வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு! பிரிட்டனிலேயே பெண்களுக்குச் சமமான வாக்குரிமை 1928-இல்தான் கிடைத்தது. இங்கே தோட்டத் தொழிலாளரில் பலரை மட்டும் நிபந்தனை போட்டு வெளியே நிறுத்தினார்கள், அது தனிக் கதை. எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. வகுப்புத் தலைவர் தேர்தலில் உனக்கு விழுந்த அந்த ஒற்றை வாக்கு என்னுடையது இல்லை, இப்போதாவது நம்பு.

நவம்பரில் ருவன்வெல்ல இடைத்தேர்தலில், இறந்துபோன தகப்பனின் இடத்துக்கு அடலின் மொலமுரே வந்தார். அரசாங்க சபையின் முதல் பெண் உறுப்பினர். சபாநாயகர் அவருடைய கணவர்! வீட்டில் யார் யாரை அமைதி காக்கச் சொன்னார்கள் என்று என் மனைவி கேட்கிறாள்.

சிரிப்பு அதோடு சரி. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை, வடக்கின் இந்த நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனு போடவில்லை. தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்ன யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்ற இளைஞர் இயக்கம் செய்த வேலை. ஏப்ரல் மாநாட்டுக்கு இந்திய விடுதலைப் போராளி கமலாதேவி சட்டோபாத்யாயவைத் தலைமை தாங்க அழைத்திருந்தார்கள். டொனமூர் திட்டம் ஆளுநர் கையில் இவ்வளவு அதிகாரத்தை விட்டுவைத்திருக்கிறதே, இது என்ன சுயராச்சியம் என்பதுதான் அவர்கள் கேள்வி. இனவாரிப் பிரதிநிதித்துவம், அதாவது ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை இடம் என்ற முறை, போய்விட்டதே என்று அழுதவர்கள் ஊர்ப் பெரியவர்கள். வாலிபர் காங்கிரஸை முன்னின்று நடத்திய ஹண்டி பேரின்பநாயகத்தின் பொடியளோ முழு இலங்கைக்கும் விடுதலை கேட்டவர்கள். இன்று இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, 'தமிழர் வாக்களிக்க மறுத்த வருடம்' என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் மச்சான், தெற்கு பின்னால் வரவில்லையே. அங்கே தேர்தல் நடந்தது. உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள், குழுத் தலைவர்களே மந்திரிகள். பெரி. சுந்தரம் அட்டனிலிருந்து போய்த் தொழில் மந்திரியானார். கல்வியும் சுகாதாரமும் அந்தக் குழுக்களில் பேசப்பட்டபோது வடக்கின் அந்த நான்கு இடங்களும் 1934 வரை காலி. அப்புறம் பருத்தித்துறையில் வென்று வந்தவர், இனவாரி இடங்களுக்காக வாதாடிய ஜி.ஜி. பொன்னம்பலம். அந்தப் பொடியள் கனவு கண்ட அரசியல் அது இல்லை. கொள்கையில் நான் அவர்கள் பக்கம், தந்திரத்தில் இல்லை.

கன்ரீன் வடையைப் பகிஷ்கரித்து எங்களைப் பட்டினி போட்ட நீ இதை ஒத்துக்கொள்ள மாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கூட்டம் அடுத்த சனிக்கிழமை. அதற்குள் அவர்கள் பக்கம் நின்று என்னோடு சண்டை போட்டு ஒரு கடிதம் எழுது. முன்வரிசையில் மாஸ்டர் இருப்பார், கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்