கடைசிக் கப்பலும் போய்விட்டது, அடுத்தது எப்போது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நீர்மூழ்கிக் கப்பல் தாமதம் என்றதும் ‘அரசு நிறுவனம் என்றாலே அப்படித்தான்’ என்று பலர் பேச்சை முடித்துவிடுகிறார்கள். இந்தக் கப்பல்களைக் கட்டும் மும்பை அரசுக் கப்பல் தளமான மசகான் டாக்கின் தொழிலாளர்கள் மீது இந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை.

பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தில் ஆறு ஸ்கார்பீன் ரக நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்ட 2005 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டார்கள். மதிப்பு 18,798 கோடி ரூபாய். 2010இல் அது 23,562 கோடியானது. 2012 டிசம்பரில் வரவேண்டிய முதல் கப்பலான கல்வாரி 2017 டிசம்பரில்தான் கடற்படையில் சேர்ந்தது. ஆறாவதான வாக்‌ஷீர் வர 2025 ஜனவரி ஆகிவிட்டது.

கப்பல் தளமே வாங்கவேண்டிய சாதனங்களைக் கொள்முதல் செய்வதில் இழுபறி ஏற்பட்டது ஒரு காரணம். என் பார்வையில் அதைவிடப் பெரிய காரணம் வேறு. ஜெர்மானிய வடிவமைப்பில் ஷல்கி, ஷங்குல் என்ற இரண்டு நீர்மூழ்கிகளை இதே தளம் கட்டியது. 1994இல் ஷங்குல் முடிந்ததும் அடுத்த ஆர்டர் இல்லை. ஊழல் புகாரில் அந்தத் திட்டமே நின்றுபோயிருந்தது. நீரின் அழுத்தத்தைத் தாங்கும் உடற்பகுதியைப் பற்றவைப்பது சாதாரண வெல்டிங் அல்ல, பல வருடப் பழக்கத்தில் வருகிற கைத்திறன். பத்து வருடத்துக்கு மேல் வேலை இல்லாவிட்டால் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விடுவார்கள், அப்புறம் முதலிலிருந்து பழக வேண்டியதுதான்.

நீருக்கடியில் பாய்ந்து எதிரிக் கப்பலைத் தாக்கும் டார்பிடோவின் கதை இன்னும் வேதனை. இந்தக் கப்பல்களுக்காகத் தேர்ந்தெடுத்த இத்தாலிய டார்பிடோவை, அதே நிறுவனக் குழுமத்தின் ஹெலிகாப்டர் ஊழல் விவகாரத்துக்குப் பிறகு கைவிட்டார்கள். ஊழலை விசாரிக்கத்தான் வேண்டும், ஆனால் மாற்று ஏற்பாட்டுக்கு ஏன் இத்தனை வருடம்? புதிய கனரக டார்பிடோவுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 டிசம்பரில். அதுவரை பழைய ஆயுதங்களை வைத்தே சமாளித்தார்கள். எண்பதுகளில் வாங்கிய நீர்மூழ்கிகளிலும் நம் மாலுமிகள் இன்னும் கடலுக்கடியில் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதை டெல்லியில் கோப்பு நகர்த்துபவர்கள் மறக்கக்கூடாது.

இப்போதும் அதே தவறுதான் நடக்கிறது. அடுத்த ஆறு கப்பல்களுக்கு (‘75-இந்தியா’ என்ற திட்டம்) 2021இல் டெண்டர் விட்டார்கள். வாக்‌ஷீர் கடற்படையில் சேர்ந்த நாளில்கூட ஒப்பந்தம் ஆகவில்லை. மசகான் டாக்கில் நீர்மூழ்கி கட்டிய வெல்டர்களும் பொறியாளர்களும் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இப்போது என்ன வேலை தரப்பட்டிருக்கிறது என்று பாதுகாப்பு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டும். நம் எம்.பி.க்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதைக் கேட்க வேண்டும்.

– வாசகர், தாம்பரம்