எனக்காக உட்கார்ந்தவர்களுக்கு

அன்புள்ள அத்தைக்கு, அண்ணனுக்கு, அம்மாவுக்கு, எங்கள் தெருவில் எல்லோருக்கும்,

சென்ற மாதம் சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் உங்களை எதிரே உட்காரவைத்து நான் வரைந்த 11 ஓவியங்கள் 6 நாள் தொங்கின. வந்தவர்கள் எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் பெரும்பங்கு உங்களுக்குச் சேர வேண்டியது. அதற்காகத்தான் இந்த மடல்.

ஆயில் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. அதிலிருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகும். ஒரு பூச்சு தொடும் பதத்துக்கு வரச் சில நாளாகும். ஐப்பசி மழையில் இன்னும் இழுக்கும். அதனால் ஒரு முகத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் வந்து உட்கார வேண்டியிருந்தது. போட்டோ எடுத்துவைத்து வரையலாமே என்று கேட்டவர்கள் உண்டு. போட்டோவில் நிழல் வெறும் இருட்டாகிவிடும். எதிரே ஆள் இருந்தால் அந்த நிழலுக்குள் பச்சையும் ஊதாவும் தெரியும். அதைப் பார்க்கத்தான் உங்கள் நேரத்தைக் கேட்டேன்.

அத்தை, நடவு நாளில் விடியும்போதே நீங்கள் வயலில் இருப்பீர்கள். மதியம் வந்து குளித்துச் சாப்பிட்டபின் கிடைக்கிற ஒரு மணி நேரத் தூக்கத்தைத்தான் எனக்குக் கொடுத்தீர்கள். மூன்றாம் நாள், கயிற்றுக்கட்டிலில் சாய்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டீர்கள். எழுப்ப மனம் வரவில்லை. பாதியில் இருந்த கேன்வாஸைச் சுவரோரம் சாத்திவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தேன். சேற்றில் ஊறி வெளுத்த விரல்கள், வெடித்த குதிகால், ஒருபக்கம் சரிந்த கொண்டை. முடித்தபின், இதைச் சென்னையில் மாட்டலாமா என்று கேட்டேன். அன்றைக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் கோலப்பொடி டப்பாவோடு வாசலில் நின்று, "மாட்டிக்க. பேரு மட்டும் போடாத. 'அசந்து தூங்குறவ'ன்னு போடு" என்றீர்கள். அதையே தலைப்பாக எழுதி ஒட்டினேன். கண்காட்சியில் அதிகம் பேர் நின்று பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

அண்ணா, இதய ஆபரேஷனுக்குப் பிறகு நீ வீட்டுக்குள்ளும் துண்டு போர்த்தாமல் நடந்ததில்லை. நானும் துண்டோடுதான் கோடு போட்டிருந்தேன். ஐந்தாம் தடவை உட்கார்ந்தபோது நீயே அதை எடுத்து மடியில் வைத்தாய். "இருக்குறத வரை" என்றாய். அந்த ஒரு சாண் தழும்பு ஓரத்தில் ஊதா ஓடி, நடுவில் மினுங்கும். அதற்கு மட்டும் மூன்று வாரம் பிடித்தது. நீ அவசரப்படுத்தவே இல்லை.

அம்மா, அப்பாயியின் படத்தைப் பார்த்து, "மொகம் சரி, கை அவங்களுது இல்ல" என்று நீதான் சொன்னாய். அப்பாயி உட்காரும்போது இடது கட்டை விரலை மற்ற விரல்களுக்குள் மடித்துவைத்துக்கொள்வார். இத்தனை நாள் எதிரே இருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. முப்பது வருஷம் அவர் பக்கத்தில் சமைத்த நீ கவனித்திருக்கிறாய். கையை முழுக்கச் சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தேன்.

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கும் நன்றி. "கறுத்த தோலுக்குக் கறுப்பு டியூபைத் திறக்காதே, சாம்பலாகச் செத்துவிடும்" என்றவர் அவர். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் அல்ட்ராமரின் என்ற அடர்நீலத்தையும் சேர்த்து நிழலை எழுப்பவும், நெற்றி மேட்டில் வானத்தின் நீலம் விழுவதைப் பார்க்கவும் பழக்கினார். பின்னாளில் ஒருவர், தோல் நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுத்தால் விற்றுத்தருகிறேன் என்றபோது மறுத்து வரும் தைரியம் அந்தப் பாடத்தில் கிடைத்தது. அதே கல்லூரியில் எங்களுக்கு முன் படித்தவர் ஓவியர் செம்பியவரம்பல் எஸ். இளையராஜா. ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கும் நம் வீட்டுப் பெண்களை ஆயிலில் வரைந்து, இந்த முகங்களும் ஓவியத்துக்குரியவை என்று எங்களை நம்பவைத்தவர். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. நேரில் சொல்ல முடியாத நன்றியை இங்கே எழுதிவைக்கிறேன்.

கேன்வாஸ் சட்டங்களைச் செய்த தச்சர் மாமா மூலைக்கு மூலை சின்ன ஆப்பு வைத்துக் கொடுத்தார். ஈரக் காற்றில் துணி தொய்ந்தால் தட்டி இறுக்கிக்கொள்ளலாம். வேன் ஓட்டி வந்த தம்பி, விக்கிரவாண்டியில் திடீர் மழை பிடித்தபோது தான் நனைந்தபடி தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். அப்போது இரண்டு படங்கள் இன்னும் பிசுபிசுப்பாகத்தான் இருந்தன. அவர் இல்லையென்றால் 9 படங்களோடுதான் சென்னை சேர்ந்திருப்பேன்.

எதையும் விற்கவில்லை. அவரவர் படம் அவரவர் வீட்டுக்கு இந்த ஞாயிறு வந்துசேரும். வெயில் நேரே படும் சுவரிலும் அடுப்படிப் பக்கமும் மாட்ட வேண்டாம். தூசி படிந்தால் காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டினால் போதும், ஈரத்துணி வேண்டாம். உள்பூச்சு நன்றாக இறுக ஆறு மாதமாவது ஆகும். தை பிறந்ததும் வீடு வீடாக வந்து வார்னிஷ் போட்டுத் தருகிறேன்.

உங்கள் வீட்டுப் பெண்