செராமிக் வில்லை பேட்டரி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்காப்பு மாறிலி (ஒரு பொருளை இடையில் வைத்தால் மின்தேக்கியின் திறன் எத்தனை மடங்கு கூடும் என்ற எண்) பத்தாயிரத்தைத் தாண்டும் செராமிக் ஒன்று பேட்டரிக்கு மாற்றாக வரப்போகிறது என்று அறிவியல் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. எண் சரிதான். பேட்டரிதான் இடிக்கிறது.

மின்தேக்கியில் சேரும் ஆற்றல் மாறிலியோடு நேர்விகிதத்தில் கூடும். மின்புலத்தோடோ அதன் இருமடியில் கூடும். செய்தி சொல்லும் கால்சியம் காப்பர் டைட்டனேட், சென்டிமீட்டருக்கு 2 கிலோவோல்ட் அளவிலேயே மின்முறிவு அடைந்துவிடும், அதாவது காப்பு உடைந்து மின்சாரம் பாய்ந்துவிடும். கணக்குப் போட்டால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.0018 ஜூல். லித்தியம் பேட்டரியில் அதே இடத்தில் ஏறக்குறைய 1,800 ஜூல் இருக்கும். பத்து லட்சம் மடங்கு!

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற எம்.ஏ.சுப்பிரமணியனும் சகாக்களும் அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனமான டுபாண்டின் ஆய்வகத்திலிருந்து 2000-இல் வெளியிட்டது. அறை வெப்பநிலையில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும் மாறிலி, 100 கெல்வினுக்குக் (சுமார் மைனஸ் 173 டிகிரி செல்சியஸ்) கீழே குளிர்வித்தால் நூறு அளவுக்குச் சரிகிறது. ஆனால் படிக அமைப்பு மாறுவதில்லை. 2002-இல் எலக்ட்ரான் அமைப்பைக் கணக்கிட்டவர்களுக்கும் அந்தப் பெரிய எண் கிடைக்கவில்லை; குறையற்ற படிகம் தரக்கூடியது நூறைக்கூட எட்டவில்லை. (அதே கணக்கீடு ஆற்றல் இடைவெளியை, அதாவது எலக்ட்ரான் கடத்தும் நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றலை, 0.2 எலக்ட்ரான் வோல்ட் என்றது; ஒளியால் அளந்தால் 1.5-க்கு மேல். கணக்கீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.)

அப்படியானால் பெரிய எண் எங்கிருந்து வந்தது? அதே ஆண்டு மின்மறுப்பு அளவீடு (பல அதிர்வெண்களில் மாறுமின்னோட்டம் செலுத்திப் பார்க்கும் முறை) விடை தந்தது. செராமிக் சிறு படிகத் துகள்கள் ஒட்டிச் சேர்ந்தது. அந்தத் துகள்களின் உட்புறம் குறைகடத்தி. துகள் எல்லைகள் மட்டுமே மின்காப்பு. மெல்லிய எல்லைப் படலங்கள்தான் மின்தேக்கியாக நிற்கின்றன. அதனால்தான் அந்தப் பெரிய எண்.

ஆகவே எல்லாம் சூளையைப் பொறுத்தது. 10 கிராம் தயாரிக்க கால்சியம் கார்பனேட் 1.630, காப்பர் ஆக்சைடு 3.886, டைட்டானியம் டை ஆக்சைடு 5.201 கிராம் வேண்டும். அரைத்து, 950 டிகிரி செல்சியஸில் சுட்டு, மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி 1,100 டிகிரியில் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் காப்பர் ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து உருகி எல்லைகளில் கசியும். வில்லைக்கு அடியில் அதே பொடியைத் தூவாவிட்டால் அலுமினாத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். 3 மணி நேரம் சுட்ட வில்லைக்கும் 24 மணி நேரம் சுட்டதற்கும் மாறிலி பல மடங்கு வேறுபடும். ஒரே பொருள், ஒரே சூத்திரம்!

அளப்பதற்காக வில்லையின் இருபுறமும் வெள்ளிப் பசை பூசி அமைக்கும் மின்முனையும் ஏமாற்றும். வில்லையைத் தேய்த்துத் தடிமனைப் பாதியாக்கினால் மின்தேக்குத்திறன் இரட்டிக்க வேண்டும். அசையாமல் நின்றால், அளந்தது வில்லையை அல்ல. வெள்ளிப் பசைக்கு அடியில் உருவான படலத்தை.

இனி இப்படிச் செய்தி வெளியிடும்போது எந்த அதிர்வெண்ணில், எந்த வெப்பநிலையில் அளந்தது, இழப்புக் காரணி (வெப்பமாக வீணாகும் ஆற்றலின் அளவு) என்ன, எத்தனை வோல்ட் தாங்கும் என்ற நான்கையும் ஆய்வாளர்களிடம் கேட்டுச் சேர்த்து வெளியிடக் கோருகிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர், திருச்சி