ரீசெல்லிங்: திரும்பி வரும் பார்சலையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியருக்கு,

தீபாவளி நெருங்கினால் 'முதலீடே வேண்டாம், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்ற விளம்பரங்கள் பெருகிவிடும். டிராப்ஷிப்பிங் என்ற பெயர் தெரியாமலே இளம்பிள்ளைச் சேலையையும் சூரத் புடவையையும் வாட்ஸ்அப்பில் 'ரீசெல்லிங்' செய்பவர்கள் நம் ஊர்களில் ஏராளம். மொத்த வியாபாரி அனுப்பும் படத்தை விலை ஏற்றிப் போட வேண்டியது, ஆர்டர் வந்தால் முகவரியை அவருக்குத் தள்ள வேண்டியது. பார்சல் அங்கிருந்தே போய்விடும். விற்காத சேலை பீரோவில் முடங்காது என்பதும், எந்த டிசைன் ஓடும் என்று காசு போடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் உண்மையான லாபங்கள். ஆனால் முதலீடே இல்லை என்று சொல்வது சரியல்ல.

ஒரு கணக்கு. சேலை 550, கூரியர் 80, விற்பது 800; கையில் 170 ரூபாய். இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு ஓர் ஆர்டருக்கு 70 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். சேலை கைக்கு வந்த பிறகு பணம் கொடுக்கும் 'சி.ஓ.டி.' ஆர்டர் பத்தில் மூன்று பேர் வாங்காமல் திருப்பி அனுப்பினால், ஏழு சேலையில் வரும் லாபம் 1,190. விளம்பரத்துக்கு 700 போயிற்று. திரும்பிய மூன்றுக்கும் போகவும் வரவும் கூரியர் 480. மிச்சம் பத்து ரூபாய். திரும்பிய சேலையை மொத்த வியாபாரி குறை சொல்லாமல் எடுத்துக்கொண்டால்தான் இதுவும். கூரியர்காரர் பிடிக்கும் சி.ஓ.டி. கட்டணத்தை இதில் சேர்க்கவே இல்லை. அதனால் 100 ரூபாயாவது முன்பணம் வாங்கிவிட்டு, முகவரியையும் பின்கோடையும் போனில் சரிபார்த்த பிறகே பார்சல் போடச் சொல்ல வேண்டும்.

எடையும் காலை வாரும். கூரியர் கட்டணம் பெரும்பாலும் 500 கிராம் அடுக்குகளில் ஏறும். அட்டைப்பெட்டியோடு 1,050 கிராம் வரும் பட்டுச் சேலைக்கு மூன்றாவது அடுக்கின் கட்டணம். பெட்டி பெரிதென்றால் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் கிலோவையும் பார்ப்பார்கள். எது கூடுதலோ அதற்கே பில்.

அடுத்த தலைவலி ஸ்டாக். ஒரே படம் ஐம்பது குழுக்களில் சுற்றும்போது, காலையில் இருந்த நிறம் மதியம் தீர்ந்திருக்கும். வாடிக்கையாளரிடம் பணம் வாங்கும் முன் மொத்த வியாபாரியிடம் 'இருக்கிறது' என்று பதில் வாங்கிவிடுங்கள். வேறு நிறம் போய்ச் சேர்ந்தால் திட்டு விழுவது விற்றவருக்குத்தான்.

புதிதாக ஒரு மொத்த வியாபாரியைப் பிடித்தால், முதலில் ஒரு சேலையைச் சொந்தக்காரர் வீட்டு முகவரிக்கு வரவழையுங்கள். அளந்து பாருங்கள்: ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர் என்று சொல்லி 60 வைப்பதுண்டு. பகல் வெளிச்சத்தில் நீங்களே படமெடுங்கள். ஸ்டூடியோ விளக்கில் மெரூன் சிவப்பாகத் தெரியும். உள்ளே அவருடைய பில்லோ விசிட்டிங் கார்டோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை நேராக அவரிடமே போவார். அனுப்புநர் இடத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்று முன்பே பேசிவிட வேண்டும். கிழிசலுக்கு மாற்றுத் துணி கேட்டால், பார்சலைப் பிரிப்பதை இடையில் வெட்டாமல் எடுத்த 'அன்பாக்சிங்' வீடியோ இருக்கிறதா என்று கேட்கும் வியாபாரிகளே அதிகம். அப்படி வீடியோ எடுக்க வேண்டும் என்று பார்சல் கிளம்பும் அன்றே வாடிக்கையாளருக்குச் சொல்லாவிட்டால் நஷ்டம் உங்கள் தலையில்.

பலர் கண்டுகொள்ளாதது ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. சொந்தப் பெயரில் பெங்களூருக்கு ஒரு சேலை அனுப்பினாலே, கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த வரம்பு செல்லாது, பதிவு கட்டாயம். தொழிலாக இணையத்தில் விற்பவர்களுக்கு 2020-இல் வந்த மின்வணிக விதிகளும் உண்டு: படத்தில் காட்டியதற்கு மாறான பொருள் போனால் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. 'நோ ரிட்டர்ன்' என்று ஸ்டேட்டஸில் போட்டுவிட்டால் தப்பிக்க முடியாது.

ஆறு மாதம் இப்படி விற்று ஓடும் டிசைனைக் கண்டுகொண்டவர், அதில் பத்துச் சேலையைச் சொந்தமாக வாங்கி வைப்பதே நல்லது என்பது என் எண்ணம். விலையும் குறையும், பேக்கிங்கும் கையில் இருக்கும்.

தங்கள் நாளிதழில் ரீசெல்லர்களின் வெற்றிக் கதைகள் அடிக்கடி வருகின்றன. அடுத்த முறை பேட்டி எடுக்கும்போது, கடந்த மாதம் எத்தனை பார்சல் திரும்பி வந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இணைய ஜவுளி விற்பனையாளர்,
சேலம்.